எடை குறைந்த பின் தொங்கும் வயிற்றுத் தோல்: அறுவை சிகிச்சைக்கு முதன்முறையாகப் போகிறவர்களுக்கு

முப்பது, நாற்பது கிலோ குறைத்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கொழுப்பு போய்விடும், அதை மூடியிருந்த தோல் போகாது. அடிவயிற்றில் மடிப்பாகத் தொங்கும். நடைப்பயிற்சி, பிளாங்க், எண்ணெய் மசாஜ், கடையில் விற்கிற க்ரீம் எதுவும் அதைச் சுருக்காது. அந்த அளவுக்கு இழுபட்ட தோலை வெட்டி எடுப்பது ஒன்றுதான் வழி.

நான் இதற்காக அலைந்தபோது மருத்துவ விவரங்கள் வேண்டிய அளவு கிடைத்தன. எந்தத் தாளை எப்போது வாங்க வேண்டும், பில்லில் எதைக் கேட்க வேண்டும், வீட்டில் எதை முன்னாலேயே மாற்றி வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. அதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். சென்னையை வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள்: காப்பீட்டில் கேட்கப் போகிறீர்களா, கைப்பணத்தில் செய்யப் போகிறீர்களா? காப்பீடு என்றால், அறுவை சிகிச்சை ஒரு வருடம் தள்ளி இருந்தாலும் 2ஆம் படியை இந்த வாரமே தொடங்குங்கள்.

1. எடை ஒரு இடத்தில் நிற்கட்டும்

எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது எந்த நல்ல மருத்துவரும் கத்தியை எடுக்க மாட்டார். இப்போது வெட்டிவிட்டு இன்னும் பத்து கிலோ குறைந்தால் மறுபடி தொங்கும். குறைந்தது 6 மாதம் எடை ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். பேரியாட்ரிக் அறுவை (எடை குறைக்க இரைப்பையில் செய்வது) செய்தவர்கள் பொதுவாக 12 முதல் 18 மாதம் வரை காத்திருக்க வேண்டும். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 30க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் புண் ஆறுவதில் சிக்கல் குறையும். 160 செ.மீ. உயரம் உள்ளவருக்கு அது சுமார் 77 கிலோ.

மாதம் ஒருமுறை உங்கள் மருத்துவரின் கிளினிக் எடை மெஷினில் ஏறி நின்று, எடையைத் தேதியோடு ஓபி சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டு மெஷினைப் போட்டோ எடுத்து வைத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

பெண்களுக்கு: இன்னொரு குழந்தை வேண்டும் என்று இருந்தால், அதை முடித்துவிட்டு வருவது நல்லது. பிறகு கர்ப்பம் வந்தால் ஆபத்து என்று இல்லை, தைத்த தசையும் தோலும் மறுபடி இழுபடும்.

2. தோல் மருத்துவரிடம் போய் கோப்பைத் தொடங்குங்கள்

பலர் நேராகப் பிளாஸ்டிக் சர்ஜனிடம் போகிறார்கள். காப்பீடு வேண்டுமென்றால் அதற்கு முன் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். காரணத்தை 6ஆம் படியில் சொல்கிறேன்.

மடிப்புக்குள் வியர்வை தேங்கி, சிவந்து, அரித்து, சில நேரம் வெடித்து நாற்றமடிக்கும். பவுடர் போட்டுச் சமாளிப்பதுதான் எல்லோருடைய வழக்கமும். அதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முறை வரும்போதும் மருத்துவரிடம் காட்டுங்கள். சீட்டில் நோயின் பெயர் இருக்க வேண்டும்: இன்டர்ட்ரைகோ (மடிப்பில் தோல் உரசி வரும் அழற்சி), பூஞ்சைத் தொற்று, புண், எதுவோ அது. 'அரிப்பு' என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன களிம்பு, எத்தனை வாரம், சரியாகி மறுபடி வந்ததா என்பதும் இருக்க வேண்டும். மூன்று மாதமாவது மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்று காகிதத்தில் தெரிந்தால்தான் கோப்பு நிற்கும்.

சேர்க்க வேண்டியவை:

- தேதியுள்ள ஓபி சீட்டுகள், மருந்துக்கடை பில்கள். பில் மை சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே ஸ்கேன் செய்யுங்கள்.
- நின்ற நிலையில் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு போட்டோக்கள், மடிப்பைத் தூக்கிப் பிடித்து உள்ளே இருக்கும் புண் தெரிய ஒன்று. முகம் வேண்டாம். புண் இருக்கும்போதே எடுங்கள்.
- முதுகுவலி, நடையில் சிரமம் இருந்தால் எலும்பு மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட் குறிப்பு.
- எடை குறைப்புப் பதிவு, பேரியாட்ரிக் செய்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி.

தொங்கல் எவ்வளவு என்பதற்கு மருத்துவர்களிடம் 1 முதல் 5 வரை ஒரு அளவு உண்டு. அடிவயிற்று முடிப்பகுதி வரை வந்தால் 1, தொடையின் மேல்பகுதி வரை என்றால் 3, முழங்கால் வரை என்றால் 5. உங்கள் அளவைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

3. எந்த அறுவை என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்

எல்லாவற்றையும் 'டம்மி டக்' என்றுதான் வெளியில் சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் நிறைய.

பனிகுலெக்டமி என்பது தொங்கும் தோலையும் அதன் அடிக் கொழுப்பையும் மட்டும் வெட்டி எடுப்பது. தசையைத் தொட மாட்டார்கள், மேல்வயிறு பெரிதாக மாறாது. மருத்துவக் காரணம் காட்டிக் காப்பீட்டில் கேட்க வாய்ப்புள்ளது இது ஒன்றுக்குத்தான்.

அப்டமினோபிளாஸ்டியில் விலகிப்போன வயிற்றுத் தசையையும் இழுத்துத் தைத்து, தொப்புளைப் புது இடத்தில் வைப்பார்கள். வயிறு தட்டையாகும், வலியும் கூடும். நிறைய எடை குறைத்தவர்களுக்குக் குறுக்கிலும் தோல் மிஞ்சும். அப்போது நெடுக்காகவும் ஒரு வெட்டு வரும், தழும்பு தலைகீழ் 'T' மாதிரி இருக்கும். இடுப்பைச் சுற்றி முதுகுவரை எடுப்பது பாடி லிஃப்ட். அது பெரிய அறுவை, செலவும் நேரமும் அதற்கேற்ப.

இவற்றில் எதுவும் எடை குறைக்கும் சிகிச்சை இல்லை. லைப்போசக்‌ஷன் மட்டும் செய்தால் போதும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தளர்ந்த தோலுக்கு உள்ளே இருக்கும் கொழுப்பையும் உறிஞ்சினால் இன்னும்தான் தொங்கும்.

4. மருத்துவரைச் சரிபார்ப்பது

பார்க்க வேண்டிய பட்டம்: பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஆர்என்பி (பழையவர்களிடம் டிஎன்பி என்று இருக்கும்). 'காஸ்மெட்டிக் சர்ஜன்', 'ஏஸ்தெட்டிக் ஃபெலோஷிப்' என்று போர்டில் இருந்தால் அது மட்டும் போதாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் அல்லது தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இரண்டு பேரிடமாவது கருத்துக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள்: எடை குறைத்தவர்களுக்கு நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? பிரசவத்துக்குப் பிறகு வருகிறவர்களின் தோல் வேறு, நம் தோல் வேறு. ஐசியு அதே கட்டடத்தில் இருக்கிறதா? புண் பிரிந்தால் மறுபடி தைக்கும் செலவு யாருடையது? தழும்பு எங்கே வரும்? கடைசிக் கேள்விக்காக, நீங்கள் தினமும் கட்டுகிற உடையோடு போங்கள். புடவை கட்டுகிறவர்களுக்குப் பாவாடை நாடா உட்காரும் இடமும், வேட்டி கட்டுகிறவர்களுக்கு இடுப்புக் கட்டும் தழும்பின் மேலேயே வந்தால் மாதக்கணக்கில் உரசும். அறுவைக்கு முன் நிற்க வைத்துப் பேனாவால் கோடு போடுவார்கள். அப்போதும் இதை நினைவுபடுத்தலாம்.

பழைய தழும்பு இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். குறிப்பாக வலது விலாவுக்குக் கீழே பித்தப்பைக்காகத் திறந்து செய்த அறுவைத் தழும்பு. அதற்குக் கீழே உள்ள தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருக்கும், வெட்டுகிற திட்டமே மாறலாம்.

பணம் இல்லை என்பவர்கள் அரசு மருத்துவமனைகளை ஒதுக்க வேண்டாம். சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை உண்டு. காத்திருப்பு நீளும், விபத்தும் தீக்காயமும் வந்தால் உங்கள் தேதி தள்ளிப்போகும். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டு அட்டை (குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்) இருந்தால் எடுத்துப் போங்கள். அதில் பட்டியலிட்ட சிகிச்சைக்கு மட்டும்தான் பணம் வரும் என்பதால், உங்கள் அறுவை அதில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டரில் நேரில் கேட்டுவிடுங்கள்.

5. ரத்தம், சத்து, மருந்துகள்

தேதி தள்ளிப்போவதற்கு முக்கியக் காரணம் ஹீமோகுளோபின். எடை குறைத்தவர்களிடம், அதிலும் பேரியாட்ரிக் செய்தவர்களிடம், இரும்பு, பி12, வைட்டமின் டி, புரதம் எல்லாம் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே தேதி குறிப்பதற்கு மூன்று மாதம் முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, ஆல்புமின் (ரத்தப் புரதம்), தைராய்டு, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவு). மாத்திரையில் இரும்பு ஏற மாதங்கள் ஆகும், ஊசியில் சீக்கிரம் ஏறும். புரதத்துக்குக் கணக்குப் போட்டுச் சாப்பிடுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, இரண்டு இட்லியும் சாம்பாரும் எங்கேயும் எட்டாது.

வயிற்று ஸ்கேனும் எடுப்பார்கள். குடலிறக்கம் (ஹெர்னியா) இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

புகை என்றால் முழு நிறுத்தம், குறைந்தது 4 வாரம் முன்பும் 4 வாரம் பின்பும். ஹான்ஸ், புகையிலை வெற்றிலை, நிகோட்டின் சூயிங்கம் எல்லாமே கணக்கில் சேரும். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும், தைத்த ஓரத்தில் தோல் கறுத்துச் செத்துப்போகும்.

மயக்க மருந்து மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். மௌஞ்சாரோ, ஒசெம்பிக் மாதிரியான வாராந்திர ஊசி போடுகிறீர்கள் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். இரவு முழுக்கப் பட்டினி கிடந்தாலும் வயிற்றில் உணவு இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகலாம். கருத்தடை மாத்திரை, ஹார்மோன், ஆஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, சித்த மருந்துகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

6. பணமும் காப்பீடும்

எனக்குச் சென்னைத் தனியார் மருத்துவமனைகள் கொடுத்த எஸ்டிமேட்டுகள் ஒன்றரை லட்சத்தில் தொடங்கி மூன்றரை லட்சம் வரை போயின. பாடி லிஃப்ட் இதில் சேராது. வித்தியாசம் அறை வாடகையிலும், 'பேக்கேஜ்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதிலும்தான். எழுத்தில் கேளுங்கள்: மயக்க மருந்து மருத்துவர் கட்டணம் உள்ளேயா? கூடுதலாக ஒரு நாள் தங்கினால்? ரத்தம் ஏற்றினால்? டிரெயின் (வெட்டிய இடத்தில் சேரும் நீரை வெளியேற்றும் குழாய்) எடுக்க, கட்டு மாற்ற வரும்போது தனிக் கட்டணமா?

அப்புறம் ஜிஎஸ்டி. பொதுவாக மருத்துவச் சேவைக்கு வரி இல்லை. ஆனால் அழகுக்கான அறுவையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் அந்த விலக்கில் வராது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம், விபத்து இவற்றைச் சீராக்குவதாக இருந்தால்தான் வரிவிலக்கு. அதனால் 18 சதவீதம் போடுவார்கள். 3 லட்சத்துக்கு 54,000 ரூபாய். எஸ்டிமேட்டில் இது இல்லாமல் கடைசி பில்லில் வந்து நிற்கும். 'வரி உள்பட எவ்வளவு' என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

இப்போது காப்பீடு. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் எக்ஸ்க்ளூஷன் (எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்ற பட்டியல்) பக்கத்தைத் திறந்து 08 என்ற எண்ணைத் தேடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இந்த விலக்கை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி வகுத்துக் கொடுத்தது. அழகுக்கான அறுவைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு என்றால் உண்டு. அல்லது உடலுக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் அவசியச் சிகிச்சை என்று, பார்க்கும் மருத்துவர் சான்றளித்தால் உண்டு. நமக்கு இருப்பது இந்தக் கடைசி வழி ஒன்றுதான். கிளெய்ம் பார்க்கிறவர் உங்கள் வயிற்றைப் பார்க்கப் போவதில்லை, தாளைத்தான் பார்ப்பார். தோல் மருத்துவரின் சீட்டுகள் அதற்குத்தான்.

ஆகவே சர்ஜனிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: நோயின் பெயர், தொங்கலின் அளவு, எத்தனை மாதம் என்ன மருந்து கொடுத்தும் தீரவில்லை, அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும், அழகுக்காக அல்ல என்ற வரி. கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்குப் பணம் கட்டும் முறை) படிவத்தை மருத்துவமனையின் காப்பீட்டு டெஸ்க் ஊழியர்தான் நிரப்புவார். அனுப்புவதற்கு முன் வாங்கிப் படியுங்கள். நோய் என்ற இடத்தில் 'உடல் பருமன்' என்றோ 'டம்மி டக்' என்றோ இருந்தால் வந்த வேகத்தில் மறுப்பு வரும். பருமன் சிகிச்சைக்கு 06 என்று தனி விலக்கு இருக்கிறது. முதல் மறுப்பு கோப்பில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

குடலிறக்கம் உண்மையிலேயே இருந்தால் அதைச் சரிசெய்வது காப்பீட்டில் வரும், பல பாலிசிகளில் 2 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு. அந்தப் பகுதிக்கான செலவைத் தனியாகப் பிரித்து எஸ்டிமேட் கேளுங்கள். இல்லாத குடலிறக்கத்தை 'எழுதிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது மோசடி, பாலிசியே ரத்தாகலாம்.

7. தேதியும் வீடும்

கத்திரி வெயிலில் வேண்டாம். ஆறு வாரம் வயிற்றில் இறுக்கமான பெல்ட் கட்டியிருக்க வேண்டும், மே மாதத்தில் அது நரகம். மார்கழியில் இருந்து மாசி வரை நல்ல காலம். உட்கார்ந்த வேலை என்றால் 2 முதல் 4 வாரம், தூக்குகிற வேலை என்றால் 6 முதல் 8 வாரம் விடுப்பு எடுங்கள்.

வீட்டில் மாற்ற வேண்டியவை இவை. தரையில் படுப்பவர்கள் கட்டில் ஏற்பாடு செய்ய வேண்டும். தலைக்கும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை வைத்து, மடங்கின மாதிரிதான் முதல் வாரம் படுக்க முடியும். இந்தியன் டாய்லெட்டில் குந்தி உட்கார முடியாது. கமோட் நாற்காலி வாடகைக்கே கிடைக்கும். அடிக்கடி எடுக்கும் பாத்திரங்களை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டி, தளர்ந்த லுங்கி போதும். பெல்ட் இரண்டு வாங்குங்கள், ஒன்றைத் துவைத்தால் இன்னொன்று.

வெளியூர்க்காரர்கள் டிரெயின் குழாயை எடுக்கும்வரை மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குங்கள். இரவுப் பேருந்தில் எட்டு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து போவது ரத்தக் கட்டியை வா என்று அழைப்பது.

8. அறுவையும் அடுத்த ஆறு வாரமும்

பொதுவாக 2 முதல் 5 மணி நேரம், முழு மயக்கம், 2 முதல் 4 நாள் தங்கல். அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்க வைப்பார்கள். வலிக்கும், கூன் போட்டபடிதான் நடப்பீர்கள், இருந்தாலும் நடங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றிலோ தொடையிலோ ஊசி போடுவார்கள். அதை வீட்டிலும் தொடரச் சொன்னால் ஒரு நாளும் விடாதீர்கள்.

பெரும்பாலும் டிரெயின் குழாய் ஒன்றோ இரண்டோ இருக்கும், நுனியில் ஒரு ரப்பர் குமிழ். அதைக் காலி செய்ய நர்ஸிடம் கையோடு கற்றுக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும். மூடியைத் திறந்து, அளவுக் கப்பில் ஊற்றி, குமிழை நன்றாக அமுக்கிப் பிடித்த நிலையிலேயே மூடியைப் போட வேண்டும். அமுக்காமல் மூடினால் அது உறிஞ்சாது, நீர் உள்ளேயே தேங்கும். எத்தனை மி.லி., எந்த நேரம், என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே வந்தால் எடுப்பார்கள். குமிழை நைட்டியில் ஊக்குப் போட்டு மாட்டிக்கொள்ளலாம். குளிக்க அனுமதித்த பிறகு கழுத்தில் ஒரு நாடா போட்டுத் தொங்கவிடலாம்.

டிரெயின் எடுத்த பிறகும் நீர் சேரலாம். வயிற்றை அசைத்தால் உள்ளே தளும்புவது தெரியும். பயப்பட வேண்டாம், ஓபியில் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள், சில நேரம் பல முறை. தலைகீழ் 'T' வெட்டு என்றால் கோடுகள் சந்திக்கும் இடம்தான் முதலில் பிரியும்; தினமும் கண்ணாடியில் பாருங்கள்.

காத்திருக்காமல் கிளம்ப வேண்டியவை: ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்கால் வலியோ, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி (இவற்றுக்கு 108), 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், வயிற்றின் ஒரு பக்கம் திடீரென வீங்குவது.

தொப்புளுக்குக் கீழே மாதக்கணக்கில் மரத்துப்போய் இருக்கும். அங்கே வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், சுட்டுக் கொப்பளித்தாலும் தெரியாது. ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. தழும்பு வெளிற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். சிலிகோன் ஜெல் எப்போது தொடங்கலாம் என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

9. கிளெய்ம் மறுத்தால்

கேஷ்லெஸ் மறுத்தது என்றால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. பணத்தைக் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் (கட்டியதைத் திரும்பக் கேட்பது) போடலாம். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் என்று பாலிசியில் இருக்கும், பெரும்பாலும் 15 அல்லது 30. ஒரிஜினல்களைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் நகல் எடுங்கள்.

அதையும் மறுத்தால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொல்வது செல்லாது. பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். கூடவே ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்து வைக்கும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலையில். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஒரே விஷயத்தை நுகர்வோர் நீதிமன்றத்தில் ஏற்கெனவே போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள், ஆகவே முதலில் இங்கே வாருங்கள். கையில் எடுத்துப் போக வேண்டியது: மறுப்புக் கடிதம், பாலிசியின் 08 பக்கம், சர்ஜனின் கடிதம், தேதி வரிசையில் அடுக்கிய தோல் மருத்துவர் சீட்டுகள், புண் தெரியும் போட்டோக்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் நிறுவனம் 30 நாளுக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும்.